இரண்டு கரைக்கும் வரி கட்டியவள்

பனிக்காலத்தில் எங்கள் கிம்பி ஊரில் முதலில் எழுந்திருப்பது பனி தள்ளும் வண்டிக்காரர். அடுத்து எழுந்திருப்பவள் ஆர்டிஸ் திபோ. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அவள் வீட்டு வாசல். அவள் பூட்ஸ் சத்தம் கேட்டால் நான் புரண்டு படுப்பேன். அவள் கார் கிளம்பிப் போனால் எழுந்து காபி போடுவேன். முப்பது வருடம் இதுதான் என் கடிகாரமாக இருந்தது.

கிம்பி இருப்பது வெர்மாண்டில், கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையில். எதிர்க்கரையில் தெரிகிற ஹார்லன், நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்தது. நடுவில் ஒரு பழைய இரும்புப் பாலம். பாலத்தைத் தாண்ட ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் தாண்டினால் வரி வேறு, சட்டம் வேறு, ஆட்கள் தங்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் விதமும் வேறு. டிவி, டயர், சலவை இயந்திரம் எதுவானாலும் எங்கள் ஆட்கள் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் வாங்குவார்கள். அங்கே விற்பனை வரி கிடையாது. ஊரிலேயே டயர் வாங்குகிற ஒரே ஆள் ஆர்டிஸ். "வரி கட்டலன்னா என் பஸ் போற ரோட்ட யாரு போடுவா?" என்பாள்.

அவள் கணவன் ரோலண்ட் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். உறைந்த சாலையில் லாரி சறுக்கிக் கவிழ்ந்து, நாற்பது வயதுக்குள் போய்விட்டான். மகன் டெனிஸ் படித்து மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவான், சில வருடம் வரமாட்டான். பள்ளி இருக்கும் நாட்களில் பேருந்து, கோடையில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை என்று ஆர்டிஸ் காலத்தை ஓட்டினாள். பேருந்தில் ஏறும் பிள்ளை முகத்தைப் பார்த்தே வீட்டில் சண்டையா, காய்ச்சலா என்று சொல்லிவிடுவாள். பிள்ளைகள் அவளிடம் பயப்படவும் செய்வார்கள், அவள் விடுப்பு எடுத்தால் அழவும் செய்வார்கள்.

அறுபது வயதை அவள் நெருங்கிய ஜனவரி மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை அவள் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுபோனது. வெளியே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். எங்கள் பக்கத்துப் பழுதுக்காரர் யாரும் கிடைக்கவில்லை. ஹார்லனிலிருந்து லீலண்ட் ப்ரவுட்டி என்பவர் வந்தார். நெடிய உருவம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, எண்ணெய்க் கறை ஏறிய கைகள். நான் அப்போது அவள் சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். நிலவறையிலிருந்து ஏறி வந்தவர், கை துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உதிரி பாகம் ஒண்ணு மாத்தணும். எங்க பக்கம் போய் வாங்கிட்டு வரேன். இங்க வாங்கினா உங்களுக்கு வரி வேற தண்டம்."

"இங்கயே வாங்குங்க. தண்டமா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்."

"சம்பளத்துலயும் உங்க ஸ்டேட்டு புடுங்குது, சாமான்லயும் புடுங்குது. எப்படித்தான் இருக்கீங்களோ இங்க!"

"உங்க பக்கம் மட்டும் எல்லாத்தையும் வானத்துலருந்தா போடுறாங்க? வீட்டு வரின்னு ஒண்ணு வருதாமே, கேட்டாலே மயக்கம் வருமாமே?"

லீலண்ட் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். பாகம் மாற்றி, கொதிகலன் உறுமத் தொடங்கி, வீடு சூடான பிறகும் அவர் போகவில்லை. அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு, காபி இரண்டு கோப்பை, சாலைகளைப் பற்றி ஒரு வழக்கு. நான்தான் முதலில் எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

அப்படித் தொடங்கியதுதான். சனிக்கிழமைகளில் அவள் பாலம் தாண்டிப் போவாள். வாரத்தின் நடுவில் அவர் இங்கே வருவார். முதல் தடவை ஹார்லன் சாப்பாட்டுக் கடையில் அவர் பில் கட்டியபோது, அதில் சாப்பாட்டு வரி என்று ஒன்று இருந்ததை ஆர்டிஸ் கண்டுபிடித்துவிட்டாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாளாம். "வரியே இல்லாத ஊருன்னியே, இது என்ன, மொய்யா?" என்று கேட்டாளாம். லீலண்ட் அடுத்த வாரம் அவள் காரில் ஏறி எங்கள் பக்கத்துக் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது தாடையைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, உங்க வரிப் பணம் இங்கதான் குழிக்குள்ள விழுந்து கெடக்குது" என்று பதில் சொன்னார்.

லீலண்டோடு அவர் தம்பி கார்டி இருந்தான். ஐம்பது தாண்டியவன், ஆனால் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. தாய் இறந்ததிலிருந்து அண்ணன்தான் அவனுக்கு எல்லாம். காலையில் ஒரு வேன் வந்து அவனைப் பகல்நேர மையத்துக்குக் கூட்டிப் போகும். சாயங்காலம் ஒரு உதவியாளர் வீட்டுக்கு வந்து குளிக்க வைப்பார், கூட நடப்பார். கார்டிக்குப் படத்துண்டுகளைச் சேர்த்து முழுப் படமாக்கும் விளையாட்டில் உயிர். சனிக்கிழமை ஆர்டிஸ் போனால் மேசையில் துண்டுகளைக் கொட்டிவைத்துக் காத்திருப்பான். வானம் வரும் நீலத் துண்டுகளை மட்டும் அவளுக்கு என்று ஒதுக்கிவிடுவான். அது கடினமாம், பெரியவர்கள் செய்ய வேண்டியதாம்.

பழகி இரண்டு வருடம் ஆனபோது லீலண்ட் கல்யாணப் பேச்சை எடுத்தார். ஆர்டிஸ் சரி என்று சொல்லக் காத்திருந்தவள்தான். ஆனால் அடுத்த பேச்சிலேயே சிக்கல்.

"எங்க வீட்டுக்கு வந்துடு."

"ஏன், நீ இங்க வர்றது?"

"அங்க வந்து உங்க ஸ்டேட்டுக்கு நான் கப்பம் கட்டணுமா? வேலைய விட்டு நின்னா வர்ற பென்ஷன்லகூடக் கை வைப்பாங்க."

"உன் வீட்டு வரியப் பாத்தியா? அதுல எங்க ஊர்ல ரெண்டு வீடு வச்சிக்கலாம்."

கோடை முழுவதும் இதே வழக்கு. ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டு மேசையில் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "இன்னிக்கு ஒரு முடிவு பண்ணிட்டுப் போங்க" என்றேன். அவர்களும் உண்மையாகவே கணக்குப் போட்டார்கள். வருமான வரி, வீட்டு வரி, அதில் வெர்மாண்ட் வருமானத்தைப் பார்த்துக் குறைத்துத் தருவது, கார் பதிவு, காப்பீடு, குளிர்காலத்து எண்ணெய். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். இரண்டு ஸ்டேட்டும் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டிருந்தன. மாதத்துக்கு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுகூட வித்தியாசம் வரவில்லை.

"அப்போ காசு இல்ல விஷயம்" என்றேன் நான்.

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தாள். லீலண்ட் தொப்பியை எடுத்தார். "கார்டி காத்துட்டிருப்பான்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் சுட்டுவைத்த ஆப்பிள் பையைக்கூட ருசி பார்க்கவில்லை.

அவர் கார் மறைந்ததும் ஆர்டிஸ் சொன்னாள், "கஞ்சன்டி அந்த ஆளு. கணக்கு சரியா வந்தப்புறமும் மனசு வரல பாரு."

"உனக்கு மட்டும் வந்துச்சா?"

அவள் கோப்பைகளைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே முதுகு காட்டியபடி பேசினாள்.

"ரோலண்ட் போன வருஷம் ஞாபகம் இருக்கா? அடக்கம் பண்ணிட்டு வந்து பாத்தா, கொட்டாய் நெறைய விறகு. யாரு வெட்டினாங்க, யாரு அடுக்கினாங்க, இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் என் வாசப் பனிய தள்ளினதே இல்ல. யாரோ தள்ளிட்டுப் போயிடுவாங்க. அந்தப் பக்கம் போனா எனக்கு யாருடி இருக்கா? நாளைக்கு லீலண்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மறுபடியும் ஒத்தையா நிப்பேன். இங்கன்னா ஒத்தையா நின்னாலும் நாலு பேரு நடுவுல நிப்பேன்."

நான் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் நின்று கோப்பைகளைத் துடைத்தேன்.

அதன் பிறகு அவர்கள் சண்டை போடவில்லை, ஆனால் கல்யாணப் பேச்சும் எடுக்கவில்லை. சனிக்கிழமைகள் நடந்தன. ஒரு வருடம் அப்படிப் போனது. பிறகு பாலம் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி, பழுதுபார்க்க ஜூன் மாதத்தில் மூடினார்கள். வருடக் கடைசியில்தான் திறப்போம் என்றார்கள். ஆற்றில் மேலே இருக்கும் அடுத்த பாலம் வழியாகச் சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். அதுவும் ஒரு தடையா என்று முதலில் தோன்றியது. ஆனால் அறுபது கடந்தவர்கள், வேலை முடிந்து களைத்தவர்கள். வாரத்துக்கு இரண்டு சந்திப்பு ஒன்றாகி, செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அதுவும் தள்ளிப்போகத் தொடங்கியது.

அப்போதுதான் கார்டி ஒரு வழி கண்டுபிடித்தான். ஆர்டிஸின் பேருந்து காலையில் ஆற்றோரச் சாலையில் வரும். எதிர்க்கரையில், மூடிய பாலத்தின் முனையில்தான் கார்டியின் வேன் அவனை ஏற்றிக்கொள்ளும். ஒரு நாள் மஞ்சள் பேருந்தைப் பார்த்தவன், தன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் வீசியிருக்கிறான். ஆர்டிஸ் ஹாரன் அடித்தாள். அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. பிள்ளைகளும் அந்தப் பக்க ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டு கை காட்டினார்கள். மையத்துக்கு விடுமுறை என்றாலும் கார்டி வந்து நிற்பான், மழையிலும் நிற்பான்.

"பாவம், பஸ்ஸப் பாக்க அவ்ளோ ஆசை" என்றேன்.

"பஸ்ஸ இல்லடி, என்னைய" என்றாள் ஆர்டிஸ். அவ்வளவு பெருமை அவள் முகத்தில்.

நவம்பரில், மையத்துக்கு விடுமுறை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை கார்டி அங்கே இல்லை.

ஆர்டிஸ் ஹாரன் அடித்துப் பார்த்தாள். வேகம் குறைத்தாள். யாரும் வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு லீலண்டைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேருந்தைக் கொட்டகையில் விட்டவள் நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கோரின், உன் காரை எடு. நீ ஓட்டு, நான் போன் போட்டுக்கிட்டே வரேன்."

"போலீஸுக்குச் சொல்லிப் பாக்கலாமாடி?"

"என்னன்னு சொல்றது? ஒருத்தன் இன்னிக்கு எனக்குக் கை காட்டலன்னா?"

வழி முழுக்க அவள் போனை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள்.

லீலண்டின் வீட்டுக் கதவு பூட்டாமல் இருந்தது. உள்ளே போனதும், சமையலறை மேசையில் கிடந்த லீலண்டின் போன் ஒலித்தது. ஆர்டிஸ் தன் போனைப் பார்த்தாள். கூப்பிடுவது அவள் இல்லை. திரையில் கார்டியின் பெயர். நிலவறைக் கதவு திறந்திருந்தது.

லீலண்ட் படிக்கட்டின் அடியில் கிடந்தார். விடிகாலையில் கொதிகலனைப் பார்க்க இறங்கியவர் கால் பிசகி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவர்மேல் வீட்டிலிருந்த கோட்டுகள் எல்லாம் குவிந்திருந்தன. ஆரஞ்சு ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே. பக்கத்தில் சட்டையோடு உட்கார்ந்து, அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனை அழுத்திக்கொண்டிருந்தான் கார்டி. அந்தப் போனில் இருந்தது ஒரே பொத்தான். அதை அழுத்தினால் லீலண்டின் போன்தான் அடிக்கும்.

"ஆர்டிஸ் வந்தாச்சு" என்றான். "லீலண்ட் போன எடுக்கவே மாட்டேங்கிறான்."

நான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆர்டிஸ் படியில் இறங்கித் தரையில் மண்டியிட்டாள். லீலண்டின் உதடு நீலமாக இருந்தது, ஆனால் நினைவு இருந்தது.

"ரோட்டுக்குப் போய் யாரையாவது கூட்டிட்டு வாடான்னு எவ்வளவோ சொன்னேன்" என்றார். "கோட்டெல்லாம் போத்தினப்புறம், என்னைத் தனியா விட்டுட்டு மேல என் போன எடுக்கக்கூடப் போக மாட்டேன்னு உக்காந்துட்டான். பக்கத்து வீட்டுக்காரங்க குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குக் கெளம்பிட்டாங்க."

"பேசாத."

"ஆர்டிஸ், நான் ஆஸ்பத்திரிக்குப் போனா இவன…"

"இவன நான் பாத்துக்கிறேன். பேசாத."

அவரைக் கொண்டுபோன பிறகு கார்டி அழவில்லை. மேசையில் பாதி முடிந்திருந்த படத்தின் முன் உட்கார்ந்து, ஆனால் ஒரு துண்டையும் எடுக்காமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் எதிரே உட்கார்ந்து நீலத் துண்டுகளை இழுத்துக்கொண்டாள். நான் முட்டை பொரித்தேன்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை முடிந்து தலையணையில் சாய்ந்திருந்த லீலண்ட், நாங்கள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். கார்டிக்கு அந்த வேன், மையம், உதவியாளர் எல்லாம் கிடைக்க, நியூ ஹாம்ப்ஷயரில் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். ஆற்றைத் தாண்டி வீடு மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும். வெர்மாண்டில் முதலிலிருந்து விண்ணப்பித்து, முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஆர்டிஸ் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"இத சொல்றதுக்கு என்னய்யா? எத்தன வருஷம் வரி, வரின்னு என் காத அறுத்த! உன்னைய கஞ்சன்னு இவகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"எத்தன தடவன்னு எனக்குத் தெரியும்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

லீலண்ட் கூரையைப் பார்த்துப் பேசினார். "கார்டிக்காகத்தான் வர முடியலன்னு சொன்னா, கார்டிக்காகத்தான் உன்னைக் கூப்பிடறேன்னு நீ நெனச்சுடுவ. தம்பியப் பாத்துக்க ஒரு ஆளு தேடறான்னு. அதுக்குக் கஞ்சன்னே நெனச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

ஆர்டிஸ் அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள், ஏற்கனவே சரியாக இருந்ததை.

"லூசு" என்றாள். "அவன்கூட நான் எத்தன வானம் சேத்திருக்கேன், லூசு."

அந்தக் குளிர்காலத்தை அவள் ஹார்லனில்தான் கழித்தாள். விடியுமுன் எழுந்து பெரிய சுற்றுப் போட்டுக் கிம்பிக்கு வந்து பேருந்தை எடுப்பாள். சாயங்காலம் திரும்பப் போவாள். முதல் பெரும் பனி விழுந்த காலை நான் அவளைப் பேருந்துக் கொட்டகையில் பார்த்தேன். தூக்கமில்லாமல் கண் வீங்கியிருந்தது, ஆனால் ஏதோ சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"கோரின், இன்னிக்கு எழுந்து கதவத் தொறந்தா வாசல்ல பனியே இல்லடி. சுத்தமா தள்ளி வச்சிருக்கு. எதிர் வீட்டுக்காரராம், முந்தாநாள்தான் பேரே கேட்டேன். நன்றி சொல்லப் போனா, 'லீலண்ட் என் கொதிகலன காசு வாங்காம பாத்துக் குடுத்தவருங்க'ன்னுட்டுக் கதவ மூடிட்டாரு."

சொல்லிவிட்டுக் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குளிரினால்தான் என்றாள்.

பாலம் சொன்னபடி வருடக் கடைசியில் திறக்கவில்லை, பிப்ரவரியில்தான் திறந்தது. மே மாதம் ஹார்லன் ஊர் மண்டபத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. லீலண்ட் கைத்தடியோடு நின்றார். மோதிரத்தைக் கார்டி வைத்திருந்தான். எந்தப் பையில் வைத்தான் என்று தேடியதில் சடங்கு கொஞ்சம் நீண்டுவிட்டது. டெனிஸ் விமானம் பிடித்து வந்திருந்தான். எங்கள் ஊரிலிருந்து பாதிப் பேர் பீன்ஸும் பன்றித் தொடையும் சமைத்து எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனோம். கிம்பி வீட்டை ஆர்டிஸ் ஒரு இளம் ஆசிரியைக்கு வாடகைக்கு விட்டாள். அந்தப் பெண் தாமதமாக எழுந்திருக்கிறாள். இப்போது நான் அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஏப்ரலில் வரிக் கணக்கு முடித்துவிட்டு ஆர்டிஸ் நேரே என் சமையலறைக்கு வந்தாள். வந்ததும் நாற்காலியில் விழுந்து சிரித்தாள்.

"வேலை பாக்கறது வெர்மாண்ட்ல, அதனால சம்பளத்துக்கு இங்க வரி. குடியிருக்கறது நியூ ஹாம்ப்ஷயர்ல, அதனால அந்தப் பெரிய வீட்டு வரியில பாதி என் தலையில. ரெண்டு ஸ்டேட்லயும் கெட்டதா பாத்துப் பொறுக்கி எடுத்துக்கிட்டேன்டி! கணக்குப் பாத்துக் குடுத்த பொண்ணு என்ன பரிதாபமா பாக்குறா. 'இத நீங்க யோசிச்சுத்தான் செஞ்சீங்களா மேடம்?'ங்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டு வருஷம் யோசிச்சோம்மான்னேன்."

வெளியே ஹாரன் அடித்தது. லீலண்ட் காரில் காத்திருந்தார், பின்சீட்டில் கார்டி. பனி உருகிச் சேறான எங்கள் சாலையில் டயர் ஏற்கனவே பாதி புதைந்திருந்தது. லீலண்ட் கண்ணாடியை இறக்கி எங்கள் ஸ்டேட்டைப் பற்றி ஏதோ சொன்னார். ஆர்டிஸ் என் ஆப்பிள் பையில் பாதியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, "தட்ட சனிக்கிழமை குடுக்கறேன்" என்று சொல்லிச் சேற்றில் இறங்கினாள். நானும் கார்டியும் பின்னாலிருந்து தள்ளினோம். மூன்றாவது தள்ளலில் கார் வெளியே வந்தது. எங்கள் இரண்டு பேர் மேலும் முழங்கால்வரை சேறு. கார்டிக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னொரு தடவை மாட்டச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டே ஏறினான்.